ஒரு வரியில் போகும் அறிவிப்பு எங்கெல்லாம் நின்றுபோகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டம். லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நள்ளிரவில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை பெரட்டுக்கு (வேலை பிரித்துக்கொடுக்கும் கூட்டத்துக்கு) கிளம்புகிறவர்கள் குழாயைத் திறக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. டேங்கியின் மூடியில் ஒரு தூர உணரி, பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கணினி, அதற்குள் ஒரே ஒரு வரிக் கட்டளை இருந்தால் போதும். தண்ணீர் கால்வாசிக்குக் கீழே இறங்கும்போதே மோட்டார் பார்க்கும் அண்ணனின் கைப்பேசி அலறும்.

அந்த ஒரு வரியைக் கற்றுத்தரும் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம், கைப்பேசியும் உடனே மணியடிக்கும். அதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கட்டளை அடித்த இடத்திலிருந்து தூங்குகிறவரின் காது வரை அந்தச் செய்தி நான்கைந்து கை மாறுகிறது. எந்தக் கையிலும் அது சத்தமில்லாமல் விழுந்துவிடலாம். 'ஏற்றுக்கொண்டேன்' என்ற பொருளில் சர்வர் திருப்பித் தரும் 200 என்ற எண் முதல் கைமாற்றத்துக்கு மட்டும்தான் சாட்சி. கைப்பேசி அடித்தது என்பதற்கு அது சாட்சியே இல்லை.

கைப்பேசிக்கு இரண்டே வாசல்

கைப்பேசியில் இருக்கும் ஒவ்வொரு செயலியும் தன் சர்வரோடு தனித்தனி இணைப்பை இரவு பகலாகப் பிடித்துக்கொண்டிருந்தால் பேட்டரி தாங்காது. அதனால் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே ஓர் இணைப்பை இயங்குதளமே பிடித்து வைத்திருக்கிறது. ஐஃபோனில் அது 2009-இல் வந்த ஏபிஎன்எஸ். ஆண்ட்ராய்டில் கூகள் 2010-இல் சி2டிஎம் என்று தொடங்கி, 2012-இல் ஜிசிஎம் என்று மாற்றி, 2016 முதல் எஃப்சிஎம் என்ற பெயரில் நடத்திவருகிறது. நாம் எந்தச் சேவையில் அனுப்பினாலும், அந்தச் சேவை கடைசியில் தட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

இதனால் வரும் முதல் குழப்பம் வைஃபையில். பள்ளியிலோ அலுவலகத்திலோ வலைப்பக்கம் நன்றாகத் திறக்கும், அறிவிப்பு மட்டும் வராது. வலைப்பக்கம் 443 என்ற போர்ட்டில், அதாவது எண்ணிட்ட இணைப்பு வழியில், வருகிறது. எஃப்சிஎம் இணைப்புக்கு வழக்கமாக வேண்டியது 5228, அதோடு 5229, 5230. ஆப்பிளுக்கு 5223. அந்த இடத்தின் ஃபயர்வாலில் (இணையப் போக்குவரத்தை வடிகட்டும் தடுப்பில்) இவை அடைபட்டிருந்தால் அறிவிப்பு தாமதமாகும், சில சமயம் வரவே வராது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதித்துப் பாருங்கள். உடனே வந்தால் குற்றம் உங்கள் கட்டளையில் இல்லை.

நேரே எஃப்சிஎம்முக்கே கட்டளை அனுப்பினால் என்ன என்று தோன்றும். பழைய வழிகாட்டிகளில் 'சர்வர் கீ' என்ற ஒரு நீண்ட சரத்தைக் கோரிக்கையின் தலைப்பில் வைத்து ஒரே வரியில் அனுப்பும் முறை இன்னும் கிடக்கிறது. அது இப்போது வேலை செய்யாது. பழைய ஏபிஐயை (நிரல்கள் சேவையோடு பேசும் வழியை) விட்டு விலகும்படி கூகள் 2023 ஜூனில் அறிவித்து, 2024-இல் மூடத் தொடங்கியது. இப்போதுள்ள முறைக்கு ஓஆத் டோக்கன் என்ற தற்காலிக அனுமதிச் சரம் வேண்டும். அது ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். அதோடு, செய்தியைப் பெற நீங்களே எழுதிய ஒரு செயலியும் வேண்டும். டேங்கிக்கு எச்சரிக்கை வைக்க இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நடுவில் ஒரு சேவையை வைத்துக்கொள்வதே சரி.

எந்தச் சேவை

எல்லாரும் முதலில் கேட்பது புலனத்தைத்தான் (வாட்ஸ்அப்). ஊரே அங்கேதான் இருக்கிறது, அதில் வந்தால் நல்லதுதானே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் புலனத்துக்குக் கட்டளை வழியாக அனுப்ப மெட்டாவிடம் வணிகக் கணக்கும், அதற்கென ஓர் எண்ணும் பதிந்திருக்க வேண்டும். பெறுபவர் கடைசியாக உங்களுக்கு எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புருவில் மட்டும்தான் அனுப்ப முடியும். சாதாரணக் கணக்கை நிரல் மூலம் ஓட்டும் திறந்தமூல நூலகங்கள் உண்டு. அவை நிறுவனத்தின் விதிகளுக்குப் புறம்பானவை, எண் முடக்கப்படலாம். குடும்பத்தாரோடு பேசும் எண்ணை அதற்குப் பணயம் வைக்காதீர்கள்.

நடைமுறைக்கு ஒத்துவருபவை மூன்று.

என், டி, எஃப், ஒய் என்ற நான்கே எழுத்தில் எழுதி 'நோட்டிஃபை' என்று உச்சரிக்கப்படும் சேவை மிக எளிது. பிலிப் ஹெக்கல் என்பவர் தொடங்கிய திறந்தமூலத் திட்டம் இது. கணக்கே வேண்டாம். செய்தி போகும் தடத்துக்குப் பெயராக ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசிச் செயலியில் அதே தலைப்புக்குச் சந்தா வைத்தால் முடிந்தது. தலைப்பின் பெயர்தான் இங்கே கடவுச்சொல். பெயர் தெரிந்த யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம். ஊர்ப் பெயரையும் 'டேங்கி' என்ற சொல்லையும் ஒட்டித் தலைப்பு வைத்தால் விளையாட்டுக்கு யாராவது நள்ளிரவில் பொய் எச்சரிக்கை அனுப்பிவிட முடியும். எழுத்தும் எண்ணும் கலந்து இருபது எழுத்துக்குக் குறையாமல் வையுங்கள். 64 வரை இடமுண்டு. அப்படி வைத்தாலும் அடையாள அட்டை எண், சம்பள விவரம் போன்றவற்றை அந்த வழியாக அனுப்பக் கூடாது.

புஷ்ஓவர் 2012 முதல் இருக்கிறது. 30 நாள் இலவசம், பிறகு ஒரு தளத்துக்கு ஒரே முறை 5 அமெரிக்க டாலர். மாதம் 10,000 செய்தி வரை அனுப்பலாம். கட்டளைக்கு மூன்று கட்டாயப் புலங்கள் வேண்டும்: உங்கள் நிரலுக்கான டோக்கன், பெறுபவரின் பயனர் சாவி, செய்தி. இதன் தனிச்சிறப்பு முன்னுரிமை 2. அந்த நிலையில் அனுப்பினால், ஒருவர் 'கண்டேன்' என்று தொடும்வரை கைப்பேசி திரும்பத் திரும்ப அடிக்கும்.

மூன்றாவது டெலிகிராம். 2015-இல் அவர்கள் பாட் (நிரலால் இயங்கும் கணக்கு) வசதியைத் திறந்துவிட்டார்கள். கோயில் நிர்வாகக் குழுவுக்கோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கோ ஒரே குழுவில் செய்தி போக இது நன்று. இதில் இரண்டு பொறிகள் உண்டு. பாட் தானாக யாருக்கும் முதலில் எழுத முடியாது. பெறுபவர் ஒரு முறை உள்ளே போய் 'ஸ்டார்ட்' தொட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தி மறுக்கப்படும். இன்னொன்று மெல்லக் கடிப்பது. சாதாரணக் குழு ஒன்று வளர்ந்தோ அமைப்பு மாறியோ சூப்பர்குரூப் என்ற பெரிய குழு வகையாக ஆகும்போது அதன் அடையாள எண்ணே மாறிவிடும். புதிய எண் மைனஸ் 100 என்று தொடங்கும். பழைய எண்ணுக்கு அனுப்பினால் 400 என்ற பிழை வரும், அந்தப் பதிலுக்குள்ளேயே புதிய எண்ணும் இருக்கும். பதிலைப் படிக்காத நிரல் அன்றிலிருந்து காற்றோடு பேசிக்கொண்டிருக்கும்.

தூக்கத்திலிருந்து எழுப்பியே ஆக வேண்டிய எச்சரிக்கைக்குப் புஷ்ஓவர், மற்றதற்கெல்லாம் நோட்டிஃபை, பலர் பார்த்துப் பேசி முடிவெடுக்க வேண்டியதற்கு டெலிகிராம். சிறு ஊர் வேலைக்கு இந்தப் பங்கீடே போதும்.

புஷ்ஓவரின் முன்னுரிமை 2-இல் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். எத்தனை விநாடிக்கு ஒரு முறை அடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்ற இரண்டையும் தராவிட்டால் சேவை ஏற்காது. இடைவெளி குறைந்தது 30 விநாடி, மொத்த நேரம் அதிகபட்சம் 10,800 விநாடி, அதாவது 3 மணி நேரம். 30-ஐயும் 10,800-ஐயும் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் அடிக்கும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். மொத்தத்தில் 50 முறைக்கு மேல் அது அடிக்காது. 30 விநாடிக்கு ஒன்றென்றால் 25 நிமிடத்தில் ஓய்ந்துவிடும். 180 விநாடி இடைவெளி வைத்தால் இரண்டரை மணி நேரம் தாங்கும். அனுப்பியதும் ஒரு ரசீது எண் வரும். அதை வைத்துக் கேட்டால், யாராவது ஒப்புக்கொண்டார்களா, எத்தனை மணிக்கு என்று தெரியும். முழுச் சங்கிலியிலும் 'ஒரு மனிதர் பார்த்தார்' என்று உறுதி சொல்லும் ஒரே இடம் இந்த ரசீதுதான். அதைக் கோப்பில் எழுதி வையுங்கள்.

கட்டளைக்குள் இருக்கும் பொறிகள்

அனுப்பும் கருவி கர்ல், கட்டளை வரியிலிருந்து இணையத்தோடு பேசும் நிரல். சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இல் இந்தப் பெயரில் வெளியிட்டார். லினக்ஸிலும் மேக்கிலும் எளிதில் கிடைக்கிறது. விண்டோஸ் 10-இலும் 2018 முதல் கூடவே வருகிறது. ஆனால் விண்டோஸின் பழைய பவர்ஷெல்லில் கர்ல் என்று மட்டும் அடித்தால் வேறொரு கட்டளை ஓடி, புரியாத பிழையைக் காட்டும். பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் 'இஎக்ஸ்இ'யும் சேர்த்து அடித்தால்தான் உண்மையான கர்ல் வரும். பள்ளிக் கணினி அறையில் முயல்கிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

நோட்டிஃபைக்குக் கட்டளையின் அமைப்பு மிகச் சுருக்கம். கர்ல், பிறகு சிறிய மைனஸ் டி, பிறகு மேற்கோளுக்குள் செய்தி, கடைசியில் தளத்தின் முகவரியோடு சாய்கோடிட்டு உங்கள் தலைப்பு. மைனஸ் டி போட்டாலே அது தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையாகிவிடும். முன்னுரிமை, தலைப்பு வரி போன்றவை மைனஸ் பெரிய எச் மூலம் போகும்.

புஷ்ஓவரும் டெலிகிராமும் வேறு விதம். அவை படிவப் புலங்களை எதிர்பார்க்கின்றன. அங்கே மைனஸ் டி மட்டும் போட்டு, செய்திக்குள் 'மோட்டார் & வால்வு' என்று எழுதினால் '&' குறியோடு செய்தி அறுந்துவிடும், மீதியைச் சர்வர் இன்னொரு புலமாக எடுத்துக்கொள்ளும். கூட்டல் குறி இடைவெளியாகிவிடும். இரட்டைக் கோடிட்ட 'டேட்டா-யூஆர்எல்என்கோட்' போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே கட்டளையில் முகவரியை மட்டும் மாற்றி நோட்டிஃபைக்கு அனுப்பினால், கைப்பேசியில் செய்திக்குப் பதில் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக ஒரு நீண்ட சரம் வந்து நிற்கும். நோட்டிஃபை உடலை அப்படியே எடுத்துக்கொள்கிறது, குறிவிலக்குவதில்லை. ஒரே சுவிட்ச் ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் நோய்.

செய்தியைக் கோப்பிலிருந்து எடுத்து அனுப்பும்போது மைனஸ் டி வரி முறிவுகளையெல்லாம் தின்றுவிடும். நான்கு வரி அறிக்கை ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு வரும். 'டேட்டா-பைனரி' என்ற சுவிட்ச் வரிகளைக் காப்பாற்றும்.

தமிழில் செய்தி எழுதலாமா? தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். பெறுகிறவர் தூக்கக் கலக்கத்தில் படிக்கப்போகிறார், அவருக்கு எந்த மொழி உடனே உறைக்குமோ அதில்தான் வர வேண்டும். அளவை மட்டும் கவனியுங்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'தண்ணீர்' என்ற சொல் கண்ணுக்கு நான்கெழுத்து. கணினிக்கு அது த, ண, புள்ளி, ண, ஈகாரக் குறி, ர, புள்ளி என்று ஏழு குறியீடு, ஆக 21 பைட். படிவத்துக்காகக் குறியாக்கம் செய்தால் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி, அந்த ஒரு சொல்லே 63 எழுத்தாகப் பயணம் செய்யும். நோட்டிஃபையின் எல்லை 4,096 பைட். ஆங்கிலத்தில் நாலாயிரம் எழுத்து கொள்ளும் இடத்தில் தமிழுக்கு ஏறத்தாழ 1,365 குறியீடுதான். அதைத் தாண்டினால் செய்தி இணைப்புக் கோப்பாக மாறிவிடும், தொட்டுத் திறந்தால்தான் தெரியும். புஷ்ஓவர் பைட்டில் எண்ணாமல் குறியீட்டில் எண்ணுகிறது, 1,024 வரை. நாலு வரி எச்சரிக்கைக்கு இரண்டுமே தாராளம். பிழைப் பதிவை முழுதாக ஒட்டி அனுப்பும்போதுதான் இடிக்கும்.

விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் நேரே தமிழ் அடித்தால் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். செய்தியை யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பை அனுப்புவதே பத்திரம். புலனத்திலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டினால் நேர் மேற்கோள்கள் வளைந்த மேற்கோள்களாக மாறியிருக்கும், அதையும் பாருங்கள்.

இனி மிக முக்கியமான பொறி. சர்வர் 400 (கோரிக்கை தவறு) சொன்னாலும் 429 (அளவுக்கு மீறி அனுப்புகிறீர்கள்) சொன்னாலும் கர்ல் தன் வேலையை முடித்ததாகவே எண்ணி, வெளியேறும் குறியீடாக 0 தரும். நிரலுக்கு அது வெற்றி. 'ஃபெயில்' என்ற சுவிட்சைப் போட்டால்தான் 400-உம் அதற்கு மேலும் உள்ள பதில்களுக்கு 22 என்று சொல்லும். பதிலின் உடலும் வேண்டுமென்றால் 2021-இல் சேர்ந்த 'ஃபெயில்-வித்-பாடி'. இதோடு மொத்த நேரத்துக்கு 20 விநாடி வரம்பும், மறுமுயற்சி 5 என்றும் வையுங்கள். நேர வரம்பு வைக்காத கர்ல், அறுந்த இணைப்பில் மணிக்கணக்கில் காத்துக்கிடக்கக்கூடும். வெளியேறும் குறியீடு 6 என்றால் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பெரும்பாலும் இணையமே இல்லை. 7 என்றால் சர்வரோடு இணைய முடியவில்லை. 28 என்றால் நேரம் கடந்துவிட்டது. 60 என்றால் சான்றிதழ்ச் சிக்கல்.

டோக்கனைக் கட்டளை வரியிலேயே எழுதினால், அதே கணினியில் இருக்கும் வேறு பயனர்கள் ஓடும் நிரல்களின் பட்டியலில் அதைப் பார்க்க முடியும். கட்டளை வரலாற்றிலும் தங்கிவிடும். ஒரு கோப்பில் வைத்து, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி அனுமதியை 600 ஆக்கி, மைனஸ் பெரிய கே மூலம் கர்லுக்குக் கொடுங்கள்.

கையால் ஓட்டும்போது ஓடும் கட்டளை, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரானில் ஓடாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். கிரானுக்கு நிரல்கள் இருக்கும் பாதைகள் மிகச் சிலவே தெரியும், ஆகவே முழுப் பாதையை எழுத வேண்டும். கிரான் கோப்பில் விழுக்காட்டுக் குறி வரி முறிவாகக் கொள்ளப்படும். நேரம் எழுதும் கட்டளையிலோ, 'டேங்கி 18%' என்ற செய்தியிலோ அது வந்தால் கட்டளை பாதியில் அறுந்துவிடும், முன்னால் ஒரு பின்சாய்கோடு வேண்டும். மூன்றாவது நேர மண்டலம். வாடகைச் சர்வர்கள் பல உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால். காலை 5 மணிக்கு ஓட வேண்டியதை அங்கே முந்தைய நாள் 21 மணி என்று எழுத வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பினால்

டேங்கியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, குறைவாக இருந்தால் அனுப்பு என்று எழுதுவது இயல்பு. பழுது நாள் முழுதும் நீடித்தால் அது 288 செய்தி. நோட்டிஃபையின் பொதுச் சர்வரில் இலவசமாக ஒரு நாளைக்கு 250தான். அந்த நாள் தொடங்குவது உலகப் பொது நேர நள்ளிரவில், நமக்குக் காலை 8 மணிக்கு. எட்டு மணியிலிருந்து எண்ணினால் 250-ஆவது செய்தி மறுநாள் விடியற்காலை 4:45-க்குப் போகும். அதன்பின் 8 மணி வரை எல்லாம் 429. ரப்பர் பால் வெட்டுக்கும் பெரட்டுக்கும் ஊர் எழுந்து தண்ணீர் தேடும் அதே மூன்று மணி நேரத்தில் எச்சரிக்கை ஊமையாகிவிடும். அதோடு அந்தக் கணக்கு ஐபி முகவரியை வைத்து எண்ணப்படுகிறது. மொபைல் டேட்டாவில் பலர் ஒரே ஐபியைப் பகிர்வதால், முன்பின் தெரியாத ஒருவருடைய செய்திகளும் உங்கள் கணக்கில் விழலாம்.

அதைவிடப் பெரிய சேதம் மனிதரிடம். இரவெல்லாம் அடிக்கும் கைப்பேசியை யாரும் இரண்டாவது இரவு அடிக்க விடமாட்டார்கள். அறிவிப்பை அணைத்துவிடுவார்கள், அவர்கள் மேல் குற்றமும் இல்லை.

நிலை மாறும்போது மட்டும் அனுப்புங்கள். கடைசி நிலையை ஒரு சிறு கோப்பில் 'சரி' அல்லது 'குறைவு' என்று வைத்துக்கொண்டு, புதிய அளவோடு ஒப்பிட்டால் போதும். எச்சரிக்கை 20 விழுக்காட்டில், நீங்கியதாகச் சொல்வது 35 விழுக்காட்டில் என்று இடைவெளி விடுங்கள். இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால், நீர் அலையும்போது அளவு 19, 21 என்று ஆடி, செய்தியும் மாறி மாறி வரும். நீரில் நனையாத மீயொலி உணரிகள் 20 சென்டிமீட்டருக்கும் கிட்டத்தில் இருப்பதைச் சரியாக அளப்பதில்லை. டேங்கி நிரம்பிய மட்டத்துக்கு 25 சென்டிமீட்டராவது மேலே பொருத்துங்கள். ஐந்து முறை அளந்து நடு மதிப்பை எடுத்துக்கொண்டால் மூடியில் நீர்த்துளி ஒட்டியதால் வரும் பொய் அளவுகள் உதிர்ந்துவிடும்.

செய்தியின் முதல் சொற்களில் எண்ணும் இடமும் வரட்டும்: 'டேங்கி 18%, மேல் லயம், மோட்டார் ஓடவில்லை, காலை 2:40.' பூட்டுத் திரையில் தெரிவது ஓரிரு வரிதான். நேரத்தை ஏன் எழுத வேண்டும்? செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் இல்லாமல் இருந்த கைப்பேசி வெளியே வந்ததும் தேங்கிய செய்திகள் வரிசையாக வந்து விழும். நோட்டிஃபை 12 மணி நேரம் வைத்திருந்து கொடுக்கும், எஃப்சிஎம்மின் இயல்பு வரம்போ நான்கு வாரம். நேரம் இல்லாத செய்தி எப்போதோ நடந்ததை இப்போது நடப்பதாகக் காட்டிவிடும்.

கைப்பேசிக்குள்

சர்வர் ஏற்று, கூகளும் கொண்டுவந்து சேர்த்த பிறகும் கைப்பேசி அதை அமுக்கிவிடலாம். ஆண்ட்ராய்டு 6.0-இல் வந்த டோஸ் முறை, மேசைமேல் அசையாமல் கிடக்கும் கைப்பேசியைத் தூங்கவைக்கிறது. சாதாரண முன்னுரிமைச் செய்திகள் அது அவ்வப்போது விழிக்கும் நேரத்துக்குக் காத்திருக்கும். நள்ளிரவில் எச்சரிக்கை வர வேண்டிய கைப்பேசியும் அப்படித்தானே கிடக்கும்? நோட்டிஃபைச் செயலியில் அந்தத் தலைப்புக்கு 'உடனடி டெலிவரி'யை இயக்குங்கள். அது கூகள் வாசலை விட்டுவிட்டுத் தன் சொந்த இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு நிரந்தர அறிவிப்பு நிற்கும், அதை அணைக்காதீர்கள். கூகள் சேவைகள் இல்லாமல் வரும் ஹுவாவே கைப்பேசிகளில் எஃப்சிஎம் கிடையாது என்பதால் அங்கும் இந்த வழிதான்.

ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலியும் அறிவிப்புக்கு அனுமதி கேட்கிறது. அவசரத்தில் 'வேண்டாம்' தொட்டவருக்கு எதுவும் வராது. பேட்டரிச் சிக்கனப் பட்டியலிலிருந்து செயலியை விலக்குவது, 'தொந்தரவு செய்யாதே' நிலையிலும் உச்ச முன்னுரிமைக்கு மட்டும் ஒலிக்க அனுமதிப்பது ஆகிய இரண்டையும் பெறுகிறவரின் கைப்பேசியை வாங்கி நீங்களே செய்துகொடுங்கள். தொலைபேசியில் சொல்லிப் புரியவைக்கிற வேலை இல்லை இது. பிறகு அந்தக் கைப்பேசியை ஒரு மணி நேரம் தொடாமல் மேசைமேல் வைத்துவிட்டுச் சோதனைச் செய்தி அனுப்புங்கள். கையில் வைத்துக்கொண்டு செய்யும் சோதனை விழித்திருக்கும் கைப்பேசியைத்தான் சோதிக்கிறது.

மின்சாரம் போகும்போது

மின்சாரம் போனால் மோட்டாரும் நிற்கும். அதைச் சொல்ல வேண்டிய ராஸ்பெர்ரி பை, மோடம், யூனிஃபை ஃபைபர் இணையம் வைத்திருந்தால் அதன் கம்பி வந்து சேரும் பிடியூ பெட்டி, எல்லாம் ஒரே நேரத்தில் அணையும். மின்தடையைச் சொல்லும் செய்தியை மின்தடையில் சாகும் கருவியால் அனுப்ப முடியாது. மோடமுக்கும் பைக்கும் சிறிய டிசி யுபிஎஸ் வைக்கலாம், பிடியூவை மறந்தால் அதில் பயனில்லை. இடிமின்னலில் மோடமே போய்விட்டால் யுபிஎஸ்ஸும் உதவாது. பழைய 3ஜி டாங்கிளை மாற்று வழியாக வைத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். கெட்டது நடந்தால் சொல் என்பதோடு நிறுத்தாமல், நலமாக இருக்கும்வரை சொல்லிக்கொண்டே இரு, சொல்வது நின்றால் வெளியே இருக்கும் ஒருவர் என்னை எழுப்பட்டும் என்று அமைக்க வேண்டும். ஹெல்த்செக்ஸ் என்ற திறந்தமூலச் சேவை இதைத்தான் செய்கிறது, 20 கண்காணிப்புகள் வரை இலவசம். அது தரும் முகவரியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கர்ல் தொட வேண்டும். கூடுதலாகப் பத்து நிமிடம் பொறுத்தும் தொடாவிட்டால், அந்தச் சேவையே நோட்டிஃபைக்கோ புஷ்ஓவருக்கோ டெலிகிராமுக்கோ எச்சரிக்கை அனுப்பும். தொடும் வரியை நிரலின் கடைசியில், உணரி சரியான எண்ணைத் தந்த பிறகு வையுங்கள். முதல் வரியில் வைத்தால், உணரி செத்த பிறகும் பை 'நலம் நலம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். நோட்டிஃபை சர்வரைச் சொந்தமாக நிறுவுகிறவர்களும் கவனிக்க வேண்டியது இதையே. கண்காணிக்கப்படும் இடத்திலேயே அதை நிறுவக் கூடாது.

மின்சாரம் திரும்பியதும் இன்னொரு சிக்கல் வருகிறது. ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் கடிகாரச் சில்லு இல்லை. 5-இல் உண்டு, ஆனால் அதற்குத் தனி பேட்டரி மாட்ட வேண்டும். ஆண்டு இறுதி விடுமுறைக்குப் பள்ளி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால், திறக்கும் நாளில் பை அணைந்த நாளின் தேதியிலேயே கண் விழிக்கும். இடைப்பட்ட வாரங்களில் சேவையின் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருந்தால், 'இது இன்னும் செல்லத் தொடங்கவில்லை' என்று கர்ல் மறுத்து 60 தரும். இதைப் பார்த்துவிட்டுச் சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் டோக்கன் வழியில் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதற்கே உத்தரவாதம் இல்லை. நேரம் இணையத்தோடு ஒத்திசைந்த பிறகே நிரல் தொடங்கும்படி வையுங்கள், அல்லது நாணய பேட்டரியோடு வரும் கடிகாரத் தொகுதி ஒன்றை மாட்டுங்கள்.

இதே அமைப்பில் வேறு செய்திகளையும் ஏற்றலாம். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கைகள் அரசின் திறந்த தரவு ஏபிஐயில், நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசான் வடிவில் கிடைக்கின்றன. பேராக், கோலகங்சார் என்ற பெயர்கள் வந்தால் எடுத்து அனுப்பும் நிரலைப் பத்து வரியில் எழுதிவிடலாம். மழை நாளில் பால் வெட்டு இல்லை என்பதால் இது பயனுள்ளது. ஏற்கெனவே அனுப்பியதை மறுபடி அனுப்பாமல் இருக்க, முன்பு சொன்ன நிலைக் கோப்பு இங்கும் வேண்டும்.

கடைசியாக, அனுப்பும் வேலையைத் தனி ஒரு நிரல் கோப்பில் வையுங்கள். முன்னுரிமை, தலைப்பு வரி, செய்தி என்ற மூன்றை மட்டும் அது வாங்கிக்கொள்ளட்டும். டேங்கி நிரலுக்கும் வானிலை நிரலுக்கும் எந்தச் சேவை என்பதே தெரியக் கூடாது. லைன் நோட்டிஃபை என்ற இலவசச் சேவை 2025 மார்ச் 31-உடன் நிறுத்தப்பட்டபோது, அதன் முகவரியைப் பல நிரல்களில் நேரடியாக எழுதி வைத்திருந்தவர்கள் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. அந்தத் தனிக் கோப்பு முதல் சேவையில் முயலட்டும், கர்ல் 0 தராவிட்டால் இரண்டாவது சேவையில் முயலட்டும். அதுவும் தோற்றால் செய்தியை நேரத்தோடு ஒரு வரிசைக் கோப்பில் எழுதிவிட்டு, அடுத்த ஓட்டத்தில் மறுபடி அனுப்பட்டும். வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்த எச்சரிக்கைகளை முன்னுரிமை 2-இல் அனுப்ப வேண்டாம், சாதாரண முன்னுரிமைக்கு இறக்கி ஒரே செய்தியாகத் தொகுத்து அனுப்பினால் போதும்.